மாதம் 600 ரூபாயா, மண்டிக் கணக்கா? நாலு வருடம் வீட்டில் இருந்தவனுக்கு ஆறு வழிகள்

மார்கழியில் வீரவநல்லூர் போயிருந்தேன். காப்பி ஆறுவதற்குள் அக்கா ஒரு டைரித் தாளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பேத்தியின் கையெழுத்தில் ஐந்து வரி: உதவித்தொகை, நூறு நாள் வேலை, கோர்ஸ், லோன், கங்கைகொண்டான். அடியில் யாரோ பென்சிலால் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள்: மண்டி.

"நீ தாலுகா ஆபீஸ்ல முப்பது வருசம் குப்பை கொட்டுனவன்லா. இதுல எது தேறும்னு பாத்துச் சொல்லு. தை பொறக்கதுக்குள்ள அவன ஒரு சோலில சேத்து விட்ரணும்" என்றாள்.

'அவன்' என்றது அவள் மகனை. வயது 37. பி.காம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் ஸ்டோர் கணக்கு பார்த்தான். கொரோனாவுக்குப் பிறகு ஆர்டர் வற்றி, 2021இல் கம்பெனியைச் சாத்திவிட்டார்கள். ஊருக்கு வந்தவன் முதல் ஆறு மாதம் நாலு இடத்தில் கேட்டான். பிறகு கேட்பது குறைந்தது. இப்போது கேட்பதே இல்லை. மனைவி பீடி சுற்றுகிறாள். மகள் ஆறாம் வகுப்பு. அவன் சோம்பேறி இல்லை. திருப்பூரில் விடிய விடிய லோடு ஏற்றிவிட்டுக் காலையில் அப்படியே ஆபீசில் உட்கார்ந்தவன்தான்.

முதலில் நானும் எல்லோரையும் போல ஒவ்வொரு வரிக்கும் எதிரே எவ்வளவு பணம் என்று எழுதிப் பார்த்தேன். பாதியிலேயே அந்தக் கணக்கு சரியில்லை என்று தோன்றியது. தாளைத் திருப்பி வேறொரு கேள்வியை எழுதினேன்: காலையில் எட்டு மணிக்கு இவன் வராவிட்டால் "ஏன் வரலை?" என்று கேட்க ஓர் ஆள் இருக்குமா?

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதை உண்டு. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால் என்று ஒரு நெசவாலை ஊர். நம் விக்கிரமசிங்கபுரம் போல ஊரே மில்லை நம்பி இருந்தது. 1930 வாக்கில் மில் மூடியது. மறுவருடம் ஆய்வாளர்கள் சிலர் அங்கே போய் மாதக்கணக்கில் ஊரைக் கவனித்தார்கள். ஒரு ஜன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் நடையைக் கணக்கெடுத்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நின்று நின்று போனார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை தலைக்கு மேல் இருந்ததால் அவர்கள் நடை அவ்வளவு தளரவில்லை. கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அக்கா மகன் டீக்கடைக்குப் போகும் நடைதான் கண்ணில் வந்தது. முந்நூறு அடி தூரத்தை இருபது நிமிடம் நடப்பான்.

வேலை தேடி ஓராண்டு தாண்டினால் நெடுநாள் வேலையின்மை என்று பல நாடுகளில் கணக்கு. சும்மா ஒரு கோடு போடவில்லை. முதலாளி பக்கமும் மனசு மாறிவிடுகிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து 2013இல் வந்த ஆய்வு ஒன்று, வேலையில்லாத காலம் நீள நீள அழைப்பு குறைகிறது, அதுவும் முதல் எட்டு மாதத்திலேயே சரசரவென்று இறங்குகிறது என்றது. நம் ஊரில் அதை ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. "நாலு வருசம் என்ன செஞ்சீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், இவன் முகம் செத்துவிடும்.

சரி, தாளுக்கு வருவோம்.

உதவித்தொகை: நின்ற இடத்தில் நிற்பதற்குச் சம்பளம்

தமிழக அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகை பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும். மூன்று வருடம் வரைதான். கூட்டிப் பார்த்தால் ஒரு பட்டதாரிக்கு மொத்தமே 21,600 ரூபாய்.

தொகை சின்னது என்பதைவிட அதற்குள் போகும் வாசல்தான் எனக்கு உறுத்துகிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, இடையில் விடாமல் புதுப்பித்து, ஐந்து வருடம் காத்திருந்திருக்க வேண்டும். வயது 40க்குள், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45க்குள் இருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி விதி: தொகை 600 முதல் 1,000 வரை, பத்து வருடம், காத்திருப்பும் குறைவு. அது ஒன்றுதான் இதில் உருப்படியான பகுதி.

இவன் கதையைப் பாருங்கள். பட்டம் வாங்கிய சூட்டில் பதிந்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். திருப்பூரில் இருந்தபோது மறந்து போனான், பதிவு காலாவதி. ஊருக்கு வந்து மறுபடி பதிந்தான். அந்தக் கணக்கில் ஐந்து வருடம் நிறைவது 2026இல். அதாவது வேலை போனவுடன் கைகொடுக்க வேண்டிய பணம், அவன் நடை தளர்ந்து, தேடுவதையே விட்ட பிறகு வந்து சேரும்.

இன்னொரு கணக்கு இதைவிட மோசம். அவன் மனைவி பீடியில் வாரத்துக்கு ஏறக்குறைய 1,300 ரூபாய் பார்க்கிறாள். 52 வாரத்துக்கு 67,600. வரம்புக்குள் வந்துவிடும். வாரம் 100 ரூபாய் கூடச் சம்பாதித்தால் 72,800. வரம்பு தாண்டியது. 5,200 ரூபாய் கூடுதல் வருமானத்துக்காக 7,200 ரூபாய் உதவித்தொகை போகும். இதை யாரோ வீட்டில் சொல்லிவைக்க, அக்கா மருமகளிடம் "அளவா சுத்து தாயி" என்று சொல்லியிருக்கிறாள். இன்னும் வராத அறுநூறுக்காக ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சீர்திருத்தம் என்று பெரிய வார்த்தை பேசுகிறவர்கள் தொட வேண்டிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். உழைத்தால் மொத்தமாகப் பறிபோகும் உதவி ஒருவரையும் எழுப்பிவிடாது. வருமானம் கூடக் கூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால், கூட ஒரு நூறு சம்பாதிக்க யாரும் பயப்பட மாட்டார்கள்.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்தால் தொகை கூடியிருக்கிறது. கர்நாடகத்தில் 2024 ஜனவரியில் தொடங்கிய யுவ நிதியில் பட்டதாரிக்கு மாதம் 3,000, டிப்ளமோவுக்கு 1,500, இரண்டு வருடம். ஆனால் படித்து முடித்துப் புதிதாக வெளியே வந்தவர்களுக்குத்தான். 37 வயதுக்காரன் அங்கே இருந்தாலும் கிடைத்திருக்காது. ராஜஸ்தானில் ஆண்களுக்கு 4,000, பெண்களுக்கு 4,500. பதிலுக்கு ஒரு நாளில் நாலு மணி நேரம் ஏதாவது அரசு அலுவலகத்தில் வேலை செய்ய வேண்டும். இந்த நாலு மணி நேரத்தைத் தண்டனை என்று சிலர் திட்டுகிறார்கள். நான் திட்ட மாட்டேன். "ஏன் வரலை?" என்று கேட்க ஓர் ஆள் கிடைக்கிறாரே. ஃபைல் தூசி தட்டுவதோடு அது நின்றுபோகாமல் இருந்தால் சரி.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. 1996இல் அமெரிக்கா, மத்திய அரசின் பணத்தில் தரும் குடும்ப உதவிக்கு ஆயுளில் அறுபது மாதம்தான் என்று கோடு கிழித்தது. கயிற்றை அறுத்தால் ஆள் நீந்திவிடுவான் என்ற நம்பிக்கை. நம் ஊரில் கயிறே அறுநூறு ரூபாய்தான், அதையும் முப்பத்தாறு மாதத்தில் அறுக்கிறோம். யாரும் நீந்திப் போனதாக நான் பார்க்கவில்லை.

தீர்ப்பு: பதிவை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அரசு வேலைக்கு அது தேவைப்படலாம். உதவித்தொகையை நம்பி ஒரு நாளையும் ஒதுக்கக் கூடாது.

நூறு நாள்: யாருக்கு இல்லை, யாருக்கு உண்டு

இவனுக்கு இல்லை. ரொம்பப் பேருக்குத் தெரியாத காரணம், வீரவநல்லூர் பேரூராட்சி. நூறு நாள் வேலைச் சட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும். தாமிரபரணிக் கரையில் சேரன்மகாதேவி, பத்தமடை, கல்லிடைக்குறிச்சி, முக்கூடல் என்று வரிசையாகப் பேரூராட்சிகள்தான். வயலும் வரப்பும் பார்த்தால் கிராமம், காகிதத்தில் நகரம். 2021-22இல் தமிழக அரசு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று நூறு கோடி ரூபாயில் சில ஊர்களில் சோதனையாகத் தொடங்கியது. நம் பக்கத்துக்கு அது முழுசாக வந்தால் இந்தத் தாளே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். மருமகளின் மதினி, பாப்பாக்குடி ஒன்றியத்தில் ஒரு கிராமம். வயது 44. இருபது வருடம் பீடி சுற்றியவர். முதுகும் மூச்சும் படுத்தியதில் தட்டைக் கீழே வைத்து ஆறு வருடம் ஆகிறது. பேச்சோடு பேச்சாக "எனக்கும் ஒண்ணு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். வேலையில்லாதவர் என்றால் நமக்கு ஆண் முகம்தான் முன்னால் வருகிறது. அவரையும் கணக்கில் சேர்த்தால் தாளின் வரிசையே மாறுகிறது.

அவருக்கு நூறு நாள் வேலைதான் முதல் இடம். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் கிடைத்தால் 33,600. முழு நூறு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நாட்டின் சராசரி ஐம்பது நாளைச் சுற்றித்தான் இருக்கிறது. பாதி என்று வைத்தாலும் 16,800. பட்டதாரியின் இரண்டு வருட உதவித்தொகையைவிட அதிகம். வேலை நடக்கும் கண்மாய் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பணம் அவர் பெயரில் உள்ள கணக்குக்கு வரும். கூட நிற்பது தெருக்காரப் பெண்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்தான். ஆறு வருடம் வீட்டுக்குள் இருந்தவர் புது ஆட்களுக்கு நடுவே கூச்சப்பட வேண்டியதில்லை. செல்போனில் ஒரு நாளைக்கு இரண்டு முறை போட்டோ எடுத்து வருகைப் பதிவு செய்கிறார்கள், ஆகவே காலையில் போய்த்தான் ஆக வேண்டும். என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அவரிடம் ஒன்றே ஒன்று அழுத்திச் சொன்னேன். வேலை கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்க வேண்டும். பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால் பங்காவது, பிறகு பாதியாவது வேலையில்லாப் படியாகத் தர வேண்டும் என்று 2005ஆம் வருடச் சட்டத்தில் இருக்கிறது. ரசீது இல்லாமல் வாயால் கேட்டுவிட்டு வந்தால் அந்தப் பதினைந்து நாள் தொடங்குவதே இல்லை. என் பணிக்காலத்தில் ரசீதோடு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. நூறு நாள் 125 ஆகிறது. ஆனால் செலவில் நாற்பது சதவீதத்தை மாநிலம் ஏற்க வேண்டும். விதைப்பு, அறுப்பு நேரத்தில் வருடத்துக்கு அறுபது நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். கார், பிசானம் என்று இரண்டு போகம் விளையும் ஆற்றுப் பாசனத்தில் நிலக்காரர்கள் இதற்குச் சந்தோசப்படுவார்கள். அந்த அறுபது நாளில் வயலில் வேலை இருக்கும் என்பது அவர்கள் வாதம். நடவு எந்திரமும் அறுப்பு எந்திரமும் வந்த பிறகு, 44 வயதில் மூச்சுக் கோளாறு உள்ள பெண்ணுக்கு வயலில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்று நான் கேட்பேன்.

கோர்ஸ்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கிராமப்புற இளைஞருக்கான தீன்தயாள் உபாத்யாயா திட்டம் பொதுவாக ஆண்களுக்கு 35 வயதோடு நிற்கிறது. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022இல் தொடங்கியது, அதன் கண் மாணவர்கள் மேல். பேட்டை ஐடிஐ மாதிரி அரசு நிலையங்களில் ஆண்களுக்கு 40 வரை சேர்க்கை உண்டு, பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டியவன் ஒன்றிரண்டு வருடம் பகல் முழுக்கப் படிக்கப் போக முடியாது.

மூன்று மாதம், ஆறு மாதம் என்று நடத்தும் தனியார் மையங்கள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தலை எண்ணிப் பணம் வாங்கும் இடத்தில் தலைதான் முக்கியம். 'வேலையில் சேர்த்தால்தான் பணம்' என்று மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். பிரிட்டன் 2011இல் அப்படியே ஒரு பெரிய திட்டம் நடத்திப் பார்த்தது. வேலைக்குச் சேர்த்து, அங்கே சில மாதம் நிலைத்தால்தான் ஒப்பந்ததாரருக்குப் பெரும்பணம். என்ன நடந்தது? எப்படியும் வேலை கிடைத்துவிடக்கூடிய ஆட்களைக் கைபிடித்து ஓடினார்கள். ரொம்ப நாள் உட்கார்ந்துவிட்டவர்களைப் பெயருக்கு ஒரு நாற்காலியில் உட்காரவைத்து விட்டார்கள். நல்ல வாழைத்தாரை எடுத்துக்கொண்டு சொத்தையை ஒதுக்குவது மண்டியில் நடப்பதுதான்.

இவனுக்குத் தேவை ஒன்றே: விட்டுப்போன நாலு வருடத்தில் மாறிய ஜிஎஸ்டி கணக்கும், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரும். அதைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் வைத்து இரண்டு மாதத்தில் பிடித்துவிடுவான். வேலையில் இருந்துகொண்டே.

லோன்

தாளில் அக்காவுக்கு ரொம்பப் பிடித்த வரி இதுதான். "சொந்தமா ஒரு கடை வச்சா யாருக்கும் கை கட்டி நிக்க வேண்டாம்லா" என்கிறாள். மாவட்டத் தொழில் மையத்தில் வேலையில்லா இளைஞர் திட்டத்துக்கு 25 சதவீத மானியம் உண்டு. மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25, பெண்கள், பட்டியல் சாதியினர், பிற்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம். கைக்காசு ஐந்திலிருந்து பத்து சதவீதம் போட வேண்டும்.

'மானியம்' என்ற சொல் நம் ஊரில் ஆளை மயக்கிவிடும். மத்திய அரசுத் திட்டத்தில் அந்தப் பணம் கைக்கு வருவதில்லை. மூன்று வருடம் வங்கியிலேயே வைப்பாக இருந்து, கடை ஓடுகிறது என்று உறுதியான பிறகுதான் கடனில் கழியும். கடை நடுவில் படுத்தால் மானியமும் போகும், தவணையும் நிற்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் டவுனில் ஜெராக்ஸ் கடை போட்டார். நல்ல இடம். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது இரண்டு எந்திரமும் தண்ணீரில் நின்றன. தவணைத் தேதிக்கு வெள்ளம் தெரியாது. இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வெள்ளம் தினமும் வராதுதான். ஆனால் கடை என்பது நாள் முழுக்க இல்லை என்று சொல்கிறவர்களிடம் சிரித்துப் பேசுவது, கடன் கேட்டு வருகிறவனை முகம் கோணாமல் திருப்பி அனுப்புவது. டீக்கடையில்கூட யார் முகத்தையும் பார்க்காமல் உட்காருகிற ஆளுக்கு இப்போது அதைக் கொடுப்பது, காய்ச்சலில் கிடந்தவனை எழுப்பி ஆற்றில் நீந்தச் சொல்வது. இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் என் பதில் வேறாக இருக்கலாம். பாப்பாக்குடி அம்மாவுக்கு வேண்டுமானால் மகளிர் குழு வழியாக ஓர் ஆட்டுக்குட்டி, இரண்டு ஆட்டுக்குட்டி என்று சின்னதாகத் தொடங்கலாம். அதற்குத் திட்ட அறிக்கை வேண்டாம்.

கங்கைகொண்டானா, மண்டியா

கடைசிச் சண்டை இந்த இரண்டுக்கும்தான். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை முன்பு போல இல்லை. டாடா பவரின் சோலார் ஆலை 2025 பிப்ரவரியில் திறந்தது, அதில் பெரும்பாலோர் பெண்கள். பக்கத்தில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை அதே வருடம் ஆகஸ்டில் திறந்தது. நம் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் மூட்டை கட்டாமல் இருக்க ஒரு வழி பிறந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வாசலில் நிற்கும் வரிசை இருபது வயதுக்காரர்களின் வரிசை.

இவனுக்கு ஒருவர் சொல்லி வைத்திருப்பது, சிப்காட்டில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கோடவுன் வேலை. சம்பளம் 14,500. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்கு 12,500 சொச்சம். ஷிப்ட் மாறி மாறி வரும். கம்பெனி வண்டி ஜங்ஷனிலிருந்துதான். வீரவநல்லூரிலிருந்து ஜங்ஷனுக்குப் போய்வரும் செலவைக் கழித்தால் 11,000 நிற்கும். வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்ப பதிமூன்று, பதினாலு மணி நேரம்.

மண்டி, சேரன்மகாதேவியில் அவன் அப்பாவின் பழைய சிநேகிதர் வைத்திருக்கும் வாழைத்தார் கமிஷன் மண்டி. காலை ஏழரைக்குத் தார் இறங்கும்போது அங்கே இருக்க வேண்டும். ஏத்தன் எத்தனை தார், ரசகதலி எத்தனை, யாருக்கு எவ்வளவு பற்று, எவ்வளவு வரவு என்று சிட்டை போட்டுப் பேரேட்டில் ஏற்றினால் இரண்டு மணிக்கு வீடு. சம்பளம் 9,000. பி.எஃப். கிடையாது. பஸ் செலவு போக 8,500.

பணத்தைப் பார்த்தால் சிப்காட் 2,500 ரூபாய் கூட. சேமநிதியும் உண்டு. அக்காவுக்கு மண்டி என்றாலே முகம் சுளிக்கிறது. "பி.காம். படிச்சவன் வாழத்தாருக்குக் கணக்கெழுதவா?" என்றாள். திருப்பூரில் பனியனுக்குத்தானே எழுதினான் என்றேன். பதில் இல்லை.

நான் மண்டி என்றுதான் சொன்னேன். நாலு வருடம் உட்கார்ந்த உடம்பும் மனசும் முதல் வாரமே ராத்திரி ஷிப்டைத் தாங்குமா என்பது சந்தேகம். ஒப்பந்தக்காரரிடம் மூன்று நாள் வராவிட்டால் நாலாம் நாள் வேறொருவன் நிற்பான். அப்படி ஒருமுறை தோற்றுத் திரும்பினால் இவனை மறுபடி வீட்டிலிருந்து கிளப்ப இன்னொரு நாலு வருடம் ஆகும். மண்டிக்காரர் ஒரு நாள் வராவிட்டால் போன் போடுவார், இரண்டாம் நாள் பையனை அனுப்புவார், மூன்றாம் நாள் அவரே வந்து "என்னல, படுத்துக் கெடக்க?" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். இதற்குப் பணம் போட முடியாது. மத்தியானத்துக்கு மேல் டேலி வகுப்புக்கும் நேரம் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து யாராவது "என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டால் நாலு வருடக் கதை சொல்ல வேண்டாம், மண்டியில் கணக்கு பார்க்கிறேன் என்று சொல்லலாம்.

இதில் ஓட்டை இருப்பது எனக்கும் தெரியும். ஆறு மாதம் ஆறு வருடமாகி, சேமநிதி இல்லாமல் 45 வயதில் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கலாம். ஆகவே ஒரு நிபந்தனை வைத்தேன்: ஆடி பிறந்ததும் சிப்காட்டிலோ வேறெங்கோ ஸ்டோர் கணக்கு வேலைக்கு மனுப் போட வேண்டும். மண்டிக்காரரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். "நல்ல எடம் வந்தா போகட்டும்யா, நான் என்ன கட்டியா போடப் போறேன்" என்றார்.

அரசு இந்த இடத்தில் எங்கே நிற்கிறது? 2025 ஆகஸ்டிலிருந்து புது வேலைக்கு ஊக்கத்தொகை தருகிறார்கள். பி.எஃப்.பில் முதல்முறை பதிகிறவருக்கு 15,000 ரூபாய் வரை இரண்டு தவணையாக. கூடுதலாக ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஓர் ஆளுக்கு மாதம் 3,000 வரை, இரண்டு வருடம். இவனுக்குத் திருப்பூரிலேயே பி.எஃப். எண் இருக்கிறது. ஆகவே முதல்முறைக்காரன் இல்லை. மண்டிக்குப் பி.எஃப். பதிவே இல்லை. ஆகவே மண்டிக்காரருக்கும் சல்லிக்காசு வராது. நாலு வருட இடைவெளியைப் பார்த்தும் ஆளை எடுக்கத் துணிகிறவர்கள் மண்டி, மளிகை, ரைஸ்மில் மாதிரிச் சின்ன இடத்துக்காரர்கள்தான். பணம் போவது அவர்களைத் தவிர மற்ற இடத்துக்கு.

ஜெர்மனி 2019இல் ஒரு சட்டம் செய்தது. ஏழு வருடத்தில் ஆறு வருடம் அரசு உதவியில் இருந்தவரை யாராவது வேலைக்கு எடுத்தால் முதல் இரண்டு வருடம் கூலி முழுவதையும் அரசே கொடுக்கும். பிறகு வருடத்துக்குப் பத்து சதவீதம் குறையும். ஐந்து வருடம் வரை. எவ்வளவு நாள் உட்கார்ந்திருந்தாரோ அதைப் பார்த்து உதவி. நம்மிடம் இருப்பது, வேலைக்குப் புதியவரா என்று பார்த்து உதவி. நான் சொன்ன மரியென்தால் ஊரிலேயே 2020இலிருந்து 2024 வரை இன்னொரு சோதனை நடத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் வேலையில்லாத எல்லோருக்கும் எட்டு வாரத் தயாரிப்பு, அதற்குப் பிறகு வேலை உறுதி. ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் நடை தளர்ந்த அதே தெருக்களில். வீரவநல்லூர் பேரூராட்சிக்கு அப்படி ஒன்று வந்தால் நான் மண்டிக்காரர் காலைப் பிடித்திருக்க வேண்டாம்.

தாளில் மண்டிக்கு எதிரே ஒரு டிக் போட்டேன். கங்கைகொண்டானுக்கு எதிரே 'ஆடி' என்று எழுதினேன். லோனை அடித்தேன், அக்கா பார்க்காத மாதிரி இருந்தாள். நூறு நாளுக்கு எதிரே பாப்பாக்குடி அம்மாவின் பெயரை எழுதி, மனுவையும் அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அக்கா மகன் இவ்வளவு நேரமும் வாசல்படியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏழரைக்குன்னா மொத பஸ்ஸுக்கே போவணும், என்ன மாமா?" என்று மட்டும் கேட்டான்.

உள்ளறையிலிருந்து மருமகள் தட்டோடு வந்து கதவருகே நின்றாள். "அப்பம் அந்த அறுநூறு இனி நமக்கு இல்லைன்னு ஆயிட்டுல்லா சித்தப்பா. நான் கூட இருநூறு பீடி சுத்தலாம்லா?"

சுற்றலாம் என்றேன். மறுநாளைக்கு இலை நனைத்து வைக்க உள்ளே போனாள்.